கோடாலிக் கண் போட எந்த அளவு ஃபிளை பிரஸ்? ஒரு கொல்லுப்பட்டறையின் நிகழ்வு ஆய்வு

ஈரோடு மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் அப்பாவும் மகனும் நடத்தும் கொல்லுப்பட்டறைக்கு ஃபிளை பிரஸ் தேர்ந்தெடுத்த கதை இது. நான் லேத் பட்டறை வைத்திருப்பவன். அவர்களுக்கு அச்சும் (டை) பஞ்சும் (இரும்பில் அடித்து இறக்கித் துளை போடும் உளி) கடைந்து கொடுத்து வந்த பழக்கத்தில் இந்த வேலையில் உடன் நின்றேன். எங்கள் பக்கம் இந்த இயந்திரத்தை பால் பிரஸ் என்றும் கைப்பிரஸ் என்றும் சொல்வார்கள். மேலே குறுக்குக் கை, அதன் முனைகளில் இரும்புக் குண்டு, கையை வீசிச் சுற்றினால் கீழே இறங்கும் தடித்த திருகு. 16-ஆம் நூற்றாண்டிலிருந்து ஐரோப்பிய நாணயச் சாலைகளில் காசு அச்சடிக்கப் பயன்பட்டது இதே அமைப்புதான்.

பின்னணி

பட்டறையின் முக்கிய உருப்படி கோடாலி. கொடுவாள், களைக்கொத்து, தேங்காய் உரிக்கும் பாரை எல்லாம் செய்வார்கள் என்றாலும், வருமானத்தில் பெரும்பங்கு கோடாலியில்தான். அப்பாவுக்கு 64 வயது. மகனுக்கு 33, ஐ.டி.ஐ. முடித்துச் சில ஆண்டுகள் கம்பெனி வேலை பார்த்துவிட்டுத் திரும்பி வந்தவர். இவர்களோடு இருபது ஆண்டுகளுக்கு மேல் சம்மட்டி அடித்தவர் ஒருவர் உண்டு. அவருக்கு வலது தோள்பட்டை தேய்ந்து, கையைக் காதுக்கு மேலே தூக்க முடியாத நிலை வந்தது. சம்மட்டி அடிக்க வேறு ஆள் தேடினார்கள். வந்தவர்கள் ஒரு வாரம் தாங்கவில்லை.

முதலில் பவர் ஹாமர், அதாவது மோட்டாரில் ஓடும் சம்மட்டி, வாங்கவே யோசித்தார்கள். பட்டறையில் இருப்பது ஒற்றை ஃபேஸ் மின் இணைப்பு. பக்கத்துச் சுவரை ஒட்டியே வீடுகள், அதில் ஒன்றில் கைக்குழந்தை. பவர் ஹாமரின் அதிர்ச்சியை அந்தச் சுவர்கள் தாங்காது என்று பெரியவரே சொல்லிவிட்டார். ஹைட்ராலிக் பிரஸ்ஸுக்கு வேறொரு சிக்கல். சிறிய பட்டறைக்குக் கட்டுப்படியாகும் விலையில் கிடைப்பவை மெதுவாக இறங்குபவை. பஞ்ச் காய்ந்த இரும்புக்குள் அழுந்தி நிற்கும் ஒவ்வொரு நொடியும் இரும்பின் சூடு பஞ்சுக்குப் போகும், பஞ்சும் பதம் இறங்கி வளையும். கரண்ட் வேண்டாம், அடித்த உடனே பஞ்ச் வெளியே வந்துவிட வேண்டும் என்ற இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஃபிளை பிரஸ்தான் மிஞ்சியது.

“ஆறாம் நம்பரா, எட்டாம் நம்பரா, எது வாங்கலாங்கண்ணா?” என்று மகன் கேட்டபோதுதான் நான் இதற்குள் வந்தேன். நம்பர் என்பது பிரஸ்ஸின் அளவுக்குக் கம்பெனி வைக்கும் எண்.

பட்டறையில் பார்த்தது

நம்பர் சொல்வதற்கு முன் இரண்டு நாள் பட்டறையில் உட்கார்ந்து பார்த்தேன். கோடாலிக்கு எடுத்திருந்தது 50-க்கு 38 மி.மீ. பட்டை. கண்ணை, அதாவது காம்பு நுழையும் துளையை, 50 மி.மீ. ஆழத்துக்கு ஊடுருவப் போட வேண்டும். பாதி ஒரு பக்கத்திலிருந்து, திருப்பிப் போட்டு மீதி மறுபக்கத்திலிருந்து. பெரியவர் குறட்டில் இரும்பைப் பிடித்து, இன்னொரு கையில் காம்பு போட்ட பஞ்சை நிறுத்துவார். மகன் சம்மட்டி அடிப்பார்.

ஒரு கண்ணுக்கு நான்கு முறை காய்ச்ச வேண்டியிருந்தது. உலையிலிருந்து எடுக்கும்போது இரும்பு மஞ்சள் கலந்த ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். அடைகல்லில் வைத்து, பஞ்சை நேராக நிறுத்தி, முதல் அடி விழுவதற்குள் ஆறு ஏழு நொடி போய்விடும். பஞ்ச் முனை படும் இடம் இருபத்தைந்து நொடிக்குள் மங்கிச் சிவந்துவிடும். அதன் பிறகு விழும் அடி இரும்பில் இறங்காது, பஞ்சைத்தான் மழுக்கும். நான் பார்த்த ஒன்பது கோடாலிகளில் மூன்றில் கண் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. சம்மட்டி சற்றே சாய்ந்து விழுந்தாலும் பஞ்ச் நகர்ந்துவிடுகிறது. அதைச் சரிசெய்ய ஐந்தாவது முறை காய்ச்ச வேண்டும்.

ஆக, கேள்வி இப்படி நின்றது: ஒரு காய்ச்சலில், மங்குவதற்கு முன் கிடைக்கும் இருபது நொடிக்குள், 25 மி.மீ. ஆழம் நேராகப் பஞ்ச் இறங்க வேண்டும். அதையும் ஒரு கையில் குறட்டைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் பிரஸ்ஸைச் சுற்றும் ஒரே ஆள் செய்ய வேண்டும். இரண்டாவது ஆள் இல்லை என்பதால்தானே இயந்திரமே தேடுகிறார்கள்.

‘டன்’ என்ற சொல்லில் உள்ள சிக்கல்

விற்பவர்களிடம் போனால் எடுத்த எடுப்பில் “இது பத்து டன், இது இருபது டன்” என்பார்கள். ஹைட்ராலிக் பிரஸ்ஸுக்கு அந்தக் கணக்கு சரி. ஃபிளை பிரஸ்ஸுக்கு அப்படி ஒரு நிலையான டன் கிடையாது. சுற்றும் குண்டில் சேர்ந்திருப்பது ஆற்றல். திருகு எவ்வளவு தூரத்தில் நிற்கிறதோ அதைப் பொறுத்து அந்த ஆற்றல் விசையாக மாறுகிறது. 210 ஜூல் ஆற்றலோடு வரும் பஞ்ச் 6 மி.மீ. இறங்கி நின்றால் சராசரி விசை சுமார் மூன்றரை டன். அதே வீச்சு 2 மி.மீ.க்குள் நின்றால் பத்து டன்னைத் தாண்டும். இரும்பே இல்லாமல் டை மீது டை மோதினால் இறங்கத் தூரமே இல்லை, விசை எங்கோ ஏறிப்போய்விடும். வார்ப்பிரும்புச் சட்டங்கள் விரிசல் விடுவது பெரும்பாலும் இப்படித்தான்.

நம்பரையும் நம்ப முடியாது. ஒரு கம்பெனியின் ஆறாம் நம்பரும் இன்னொரு கம்பெனியின் ஆறாம் நம்பரும் திருகின் தடிமனிலும் திறப்பு உயரத்திலும் வேறுபடும். எனவே டேப்பையும் வெர்னியரையும் எடுத்துக்கொண்டு போனோம்.

பார்த்த மூன்று பிரஸ்கள்

முதலாவது, கடையில் புதிதாக நின்ற நாலாம் நம்பர். ஒரே குண்டு, 14 கிலோ, மையத்திலிருந்து 40 செ.மீ. தள்ளி. இரண்டாவது, மூடிப்போன ஓர் எவர்சில்வர் பாத்திரப் பட்டறையில் தார்ப்பாய் போட்டுக் கிடந்த ஆறாம் நம்பர். இரண்டு குண்டு, தலா 18 கிலோ, 50 செ.மீ. தள்ளி. இயந்திரம் மொத்தம் 340 கிலோ. மூன்றாவது பழைய பெரிய பிரஸ், தலா 35 கிலோ குண்டு இரண்டு, 65 செ.மீ. தள்ளி. மகனின் கண் இதன் மேல்தான் இருந்தது. விலையும் பழைய இரும்பு விலைக்குக் கொஞ்சம் மேலேதான் சொன்னார்கள்.

ஒவ்வொன்றையும் மகன் ஒரு கையால் வீச, நான் செல்போனில் ஸ்லோமோஷன் வீடியோ எடுத்தேன். இடது கையில் குறட்டைப் பிடித்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. வீடியோவை ஃபிரேம் ஃபிரேமாக எண்ணி, அடி விழும் நேரத்தில் குண்டு நொடிக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று கணக்கிட்டோம். சிறியது நொடிக்கு 1.3 சுற்று, ஆற்றல் சுமார் 75 ஜூல். நடுத்தரமானது 1.1 சுற்று, சுமார் 210 ஜூல். பெரியதை இரண்டு கையாலும் தள்ளியபோது 0.8 சுற்று வந்தது, 370 ஜூல். ஒரு கையால் வீசியபோது 0.5 சுற்றுக்கு இறங்கி, 150 ஜூலைத் தாண்டவில்லை. அதன் கைப்பிடி போகும் வட்டம் அவ்வளவு பெரியது. குறட்டைப் பிடித்து நிற்கும் ஆள் அதைத் தொடர்ந்து போக முடியாது, கால்வாசி வட்டத்திலேயே கை எட்டாமல் போய்விடுகிறது. இவை கைச்சட்டத்தின் எடையைச் சேர்க்காத தோராயக் கணக்குதான், ஒப்பிடுவதற்கு அது போதும்.

அடுத்து ஈயம். 25 மி.மீ. விட்டம், 30 மி.மீ. உயரத்தில் ஈயக் கட்டிகள் வார்த்து எடுத்துப் போயிருந்தேன். ஈயம் சூடாக்காமலே, காய்ச்சிய இரும்பைப் போல நெகிழும். இரும்பை விட மெதுதான் என்றாலும் ஒன்றோடொன்று ஒப்பிட ஏற்றது. ஒரே வீச்சில் சிறிய பிரஸ் கட்டியை 25 மி.மீ.க்கு அமுக்கியது. நடுத்தரமானது 18-க்குக் கொண்டுவந்தது. பெரியவர் அமுங்கிய கட்டிகளை உள்ளங்கையில் வைத்து, கட்டைவிரலால் விளிம்பைத் தடவிப் பார்த்தார். இந்த ஈயக் கட்டிகள் சொன்ன அளவு என் கணக்குத் தாள் அவருக்குச் சொல்லவில்லை.

கணக்கையும் கோடாலிக்குக் கொண்டுவந்து பார்த்தேன். பஞ்ச் முனை 24-க்கு 9 மி.மீ. நல்ல சூட்டில் உள்ள இரும்பில் அதை இறக்கத் தோராயமாக நாலரை டன் வேண்டும். திருகின் உராய்வில் மூன்றில் ஒரு பங்கு போனால், நடுத்தர பிரஸ் ஒரு வீச்சுக்கு 3 மி.மீ. சொச்சம் இறக்கும், எட்டு வீச்சில் பாதிக் கண். சிறியதில் இருபதுக்கு மேல் வீச வேண்டும், அதற்குள் இரும்பு செத்துவிடும்.

முடிவும் அதற்கான காரணமும்

எடுத்தது நடுத்தரமானதை. அது ஆற்றலை மட்டும் பார்த்து எடுத்த முடிவு அல்ல. என்னைக் கேட்டால் ஆற்றலை விட முக்கியம் திறப்பு உயரம். பிரஸ்ஸை முழுக்க மேலே ஏற்றிய நிலையில் கீழ்ப்பலகைக்கும் ராமுக்கும் (திருகின் அடியில் பஞ்சைப் பிடித்து இறங்கும் கட்டை) இடையே உள்ள இடைவெளி அது. பெரும்பாலோர் இதை அளப்பதே இல்லை. பாத்திரப் பட்டறையில் தகடு வெட்டுபவருக்கு இது பெரிய விஷயமில்லை, தகடு ஒரு மி.மீ. கனம்தான். கொல்லனுக்கு அப்படி இல்லை. அடித்தட்டு 25, அதன் மேல் துளையுள்ள கீழ் டை 60, இரும்பு 50, ராமிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் பஞ்ச் 90, இரும்பை உள்ளே நுழைக்க 30. கூட்டினால் 255 மி.மீ. சிறிய பிரஸ்ஸின் திறப்பு 200. எவ்வளவு சக்தி இருந்தாலும் எங்கள் வேலை அதற்குள் நுழையாது. நடுத்தரமானது 290.

பெரியதை விட்டதில் மகனுக்கு வருத்தம் இருந்தது. அப்பா ஒரே வரியில் முடித்தார்: “கண்ணு, நான் இல்லாதப்ப நீ சுத்துவே. நீ இல்லாதப்ப நான் சுத்தோணுமல்ல?”

வாங்கும் முன் பார்த்தவை: சட்டத்தின் உள்வளைவில் விரிசலோ, வெல்டு போட்டு மறைத்த தழும்போ இருக்கிறதா என்று மண்ணெண்ணெய் தடவித் துடைத்து, சுண்ணாம்புப் பொடி தூவிப் பார்த்தோம். விரிசல் இருந்தால் அதற்குள் போன எண்ணெய் கசிந்து சுண்ணாம்பில் கோடு காட்டும். இல்லை. திருகு இரட்டைப் புரி (இரண்டு புரிகள் இணையாக ஓடுவது), ஒரு சுற்றுக்கு 50 மி.மீ. இறங்கியது. ஒற்றைப் புரியாக இருந்தால் மெதுவாக இறங்கி, அடித்த இடத்திலேயே இறுகிக்கொள்ளும், அடித்ததும் எழும்பி வராது. திருகு ஓடும் கன்மெட்டல் (ஒருவகை வெண்கலம்) நட்டு தேய்ந்திருந்தது. ராமைக் கையால் தூக்கி இறக்கினால் ஒரு மி.மீ.க்குக் கொஞ்சம் குறைவாக ஆட்டம். பொறுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

நிறுத்தியதும் முதல் மாதமும்

ஆங்கிள் வெல்டு செய்த மேசையில் போல்ட் போட்டு நிறுத்தினோம். அது தவறு. குண்டு ஒரு பக்கம் சுற்றி நிற்கும்போது, அந்த முறுக்கு பிரஸ்ஸின் சட்டத்தை இழுக்கும். மூன்றாம் நாளே மேசைக் கால்கள் முறுக்கிக்கொண்டன. பிறகு பழைய ஹெச் பீமில் கால் செய்து, தரையை உடைத்துக் கான்கிரீட்டில் நாலு ஃபவுண்டேஷன் போல்ட் புதைத்தோம். பெரியவரின் முழங்கை உயரத்துக்குக் கீழ்ப்பலகையை 75 செ.மீ.யில் வைத்தோம். குண்டு சுற்றுவது சரியாக ஆளின் தலை உயரத்தில். இதைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் தகும். தரையில் மஞ்சள் பெயின்டில் வட்டம் போட்டு, பின்பக்கத்தைச் சுவரால் அடைத்து, வாசல் பக்கத்தில் குழாய்த் தடுப்பு வைத்தோம். வட்டத்துக்குள் நிற்பவர் சுற்றுபவர் ஒருவர் மட்டும்.

வீசும் முறையைப் பழக இரண்டு வாரம் ஆனது. புதியவர்கள் கைப்பிடியைக் கடைசி வரை பிடித்திருப்பார்கள். இரும்பு ஆறியிருந்தால் குண்டு திருப்பி உதைக்கும், மணிக்கட்டு பிசகும். வேகம் கொடுத்து, அடி விழும் முன் விரலைத் தளர்த்தி விட்டுவிட வேண்டும். குண்டே எழும்பி வரும், வரும்போது பிடித்து மேலே அனுப்பிக்கொள்ளலாம். பெரியவர் இதை மகனுக்கு முன்பே பிடித்துக்கொண்டார். சம்மட்டிப் பழக்கம் உள்ள கைக்கு எப்போது விட வேண்டும் என்று தெரிகிறது.

என் தவறு முதல் வாரத்தில் வெளிப்பட்டது. பஞ்ச் போட்ட பிறகு, கண்ணை நீள்வட்டமாக விரிக்க ஒரு முளை அடிப்பார்கள். அவர்களின் பழைய முளை 220 மி.மீ. நீளம். நான் பஞ்சுக்கு மட்டும் கணக்குப் போட்டிருந்தேன். முளை பாதி கண்ணுக்குள் நின்றபடி பிரஸ்ஸுக்குள் நுழையவே இல்லை. முளை வேலையை மீண்டும் சம்மட்டிக்கே கொண்டுபோக வேண்டியதாயிற்று. பத்து நாள் கழித்து அதை இரண்டு குட்டை முளைகளாகக் கடைந்து கொடுத்தேன், தலா 110 மி.மீ. மெல்லியது முதலில், அதன் பின்னால் முழு அளவு. இரண்டாவது இறங்கும்போது முதலாவது டையின் துளை வழியாகக் கீழே விழுந்துவிடும், கீழே ஒரு தகர டப்பா வைத்திருக்கிறார்கள். இரண்டாவதைச் சுத்தியால் தட்டி எடுக்கிறார்கள். இந்த முறையில் கண் முன்பை விட ஒரே சீராக வருகிறது.

இரண்டாவது சம்பவம் கவலைக்குரியது. விடுமுறைக்கு வந்திருந்த உறவுக்காரப் பையன், யாரும் இல்லாதபோது இரும்பு வைக்காமலே பிரஸ்ஸை வீசிவிட்டான். பஞ்ச் நேராகக் கீழ் டையில் மோதி, டை இரண்டாகப் பிளந்தது. ஒரு துண்டு சுவரில் பட்டு விழுந்திருந்தது. சட்டத்துக்கு ஒன்றும் ஆகவில்லை, பையனுக்கும் ஒன்றும் ஆகவில்லை. அன்றிலிருந்து வேலை முடிந்ததும் கைப்பிடியைச் சங்கிலியால் சட்டத்தோடு கட்டிப் பூட்டுகிறார்கள். டையைச் சுற்றி இறுக்கமாக ஒரு மைல்டு ஸ்டீல் வளையமும் சூடாக்கி ஏற்றிக் கொடுத்தேன்.

எட்டு மாதத்தில்

ஒரு கண்ணுக்கு நான்கு முறை காய்ச்சியது இரண்டாகக் குறைந்தது. ஒரு பக்கம் எட்டு ஒன்பது வீச்சு, திருப்பிப் போட்டு எட்டு. பஞ்ச் ராமிலேயே பிடித்திருப்பதால் சாய்வதற்கு வழியில்லை. சாய்ந்த கண்ணுக்காக ஐந்தாவது முறை காய்ச்சுவது நின்றுவிட்டது. முன்பு இருவர் சேர்ந்து நாளைக்கு ஒன்பது பத்து கோடாலி, இப்போது ஒருவர் முழு நேரமும் இன்னொருவர் பாதி நேரமும் நின்று பதினான்கு. கரிச் செலவும் குறைந்திருக்கிறது, ஆனால் அதை அவர்கள் எழுதி வைக்கவில்லை என்பதால் எவ்வளவு என்று சொல்ல மாட்டேன்.

எல்லாவற்றுக்கும் இது உதவவில்லை. கோடாலியின் வாயை இழுத்து மெலிய வைக்கும் வேலையை பிரஸ்ஸில் முயன்று பார்த்துக் கைவிட்டார்கள். நீளமாக இழுக்கும் வேலைக்கு வேகமான சிறு அடிகள் வேண்டும், அது சுத்தியலின் வேலை. களைக்கொத்தின் கழுத்தை வளைப்பது, பாரை நேராக்குவது, முத்திரை குத்துவது ஆகியவை பிரஸ்ஸில் அழகாக வருகின்றன. சிறு வேலைக்கு ஒரு குண்டைக் கழற்றி வைத்துவிடுகிறார்கள்.

நட்டு விஷயத்துக்கு வருகிறேன். பொறுத்துக்கொள்ளலாம் என்று நான் சொன்ன ஆட்டம் ஆறாம் மாதத்தில் இரண்டு மி.மீ. ஆனது. பாத்திரப் பட்டறையில் தகடு வெட்டியதை விட இங்கே விழும் அடி கனம். புது கன்மெட்டல் வார்ப்பு வாங்கி, இரட்டைப் புரி உள்ளே வெட்டிக் கொடுக்க எனக்கு மூன்று நாள் ஆனது. அந்த மூன்று நாளும் பட்டறையில் கோடாலி நின்றது. வாங்கிய உடனேயே செய்திருந்தால் ஒரு வியாபார நாளும் போயிருக்காது.

மறுபடி செய்தால் மாற்றுபவை

முதல் வேலை, மரத்துண்டுகளை வெட்டி, அடித்தட்டிலிருந்து முளை வரை எல்லா உபகரணங்களின் உயரத்துக்கும் அடுக்கி, அந்த அடுக்கையே கடைக்கு எடுத்துப்போய் பிரஸ்ஸுக்குள் நுழைத்துப் பார்ப்பது. எந்தெந்த உபகரணம் என்று என் ஞாபகத்தை நம்பாமல், ஒரு கோடாலி முதலிலிருந்து கடைசி வரை செய்யப்படுவதைப் பார்த்து எழுதிக்கொள்வது. நான் இரண்டு நாள் உட்கார்ந்தும், முளை அடிக்கும்போது இரும்பின் நிறத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேனே தவிர முளையின் நீளத்தைப் பார்க்கவில்லை.

பழைய பிரஸ் என்றால் நட்டு மாற்றும் செலவை விலையோடு சேர்த்தே பேசுவேன். ஃபவுண்டேஷன் காய்ந்த பிறகுதான் இயந்திரத்தை வண்டியில் ஏற்றச் சொல்வேன். பூட்டும் சங்கிலியும் முதல் நாளே இருக்கும்.

நம்பரை மட்டும் மாற்ற மாட்டேன். கான்கிரீட் தரையும் மூன்று ஃபேஸும் இரண்டு ஆளும் உள்ள பட்டறைக்கு நான் வேறு அளவு சொல்லலாம். இங்கே, இந்த வேலைக்கு, இந்தக் கைகளுக்கு, இதுதான்.

தோள் தேய்ந்த அந்த சம்மட்டிக்காரர் ஐந்தாம் மாதத்திலிருந்து மறுபடி வருகிறார். உட்கார்ந்தபடி கோடாலிகளுக்குக் காம்பு போடுகிறார். கண் எல்லாம் ஒரே அளவாக வருவதால், காம்புகளை முன்கூட்டியே சீவி அடுக்கி வைத்துவிடுகிறார். போன வாரம் போனபோது கதவோரம் நாற்பது கருவேலங்காம்புகள் தயாராக நின்றன.